மந்திரிக்கு மூன்று கையெழுத்து

திங்கட்கிழமை மதியம் வேலை முடிந்து திரும்பிய ஒலிம்பியா, குடியிருப்பின் வாசலில் அட்டைப்பெட்டி காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். பெட்டிக்குள் பழைய போர்வை இருந்தது. போர்வையில் நாய் படுத்த பள்ளம் இருந்தது. நாய் இல்லை.

"பத்தரை மணிக்கு நாய் வண்டி வந்துச்சு," என்றது தரைத்தள ஜன்னல். அது அக்லாயா. அந்தப் படிக்கட்டைச் சேர்ந்த பதினாறு வீடுகளுக்கும் பொறுப்பாளர். ஜன்னல் விளிம்பில் தலையணை போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றி, முப்பது வருடமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவள். "கழுத்துல கம்பியைப் போட்டுத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. நான் கத்தினேன். 'புகார் வந்திருக்கு மேடம்'னு சொல்றான்."

"யார் புகார் குடுத்தது?"

"அதைச் சொல்லுவானா? அது ரகசியமாம். கழுத்துல கம்பி போடுறது மட்டும் நட்டநடுத் தெருவில."

ஏழு வருடமாக அது அந்தப் படிக்கட்டின் நாய். பதினாறு வீடுகளும் சாப்பாடு போட்டன, பதினாறு வீடுகளும் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தன. எல்லோருக்கும் சொந்தம் என்பதால் யார் பெயரிலும் ஒரு காகிதம் இல்லை. ஒலிம்பியா அதை புஜோர் என்று கூப்பிடுவாள். அது தன்னுடைய நாய்தான், மற்றவர்கள் சும்மா சாப்பாடு போடுகிறார்கள் என்பது அவள் எண்ணம். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தாள். தினமும் விடியற்காலையில் எட்டாம் எண் டிராமை ஓட்ட அவள் கிளம்பும்போது, முதல் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்து வழியனுப்பும் ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான். புருஷன்கூட, இருந்த காலத்தில், போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் ஆட்டுவான்.

அன்று காலையும் நாய் வந்தது. வந்து, அவள் டிராமைக் கிளப்பும் நேரமாகப் பார்த்துத் தண்டவாளத்தின் நடுவில் உட்கார்ந்து காதைச் சொறிந்தது. அவள் நான்கு முறை மணியடித்தாள். ஜன்னலைத் திறந்து அதன் தாயைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னாள். பிறகு ரேடியோவில் டிராம் கன்ட்ரோல் அறைக்குத் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லிவிட்டு நான்கு நிமிடம் கழித்துக் கிளம்பினாள். கடைசியாகப் பேசியது அந்த வார்த்தைகள்தான் என்பது இப்போது அவளை எரித்தது.

எரிச்சலைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒலிம்பியாவுக்குக் கிடையாது. அந்தக் குடியிருப்பில் யாருக்குமே கிடையாது. அதற்காகத்தான் வாசற்கதவுக்குள்ளே அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. நேரில் சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் விஷயங்களை அதில் ஒட்டுவார்கள். "நான்காம் மாடியிலிருந்து விரிப்பை உதறும் மகாராணி கவனிக்கவும்" என்பது மாதிரி. ஒலிம்பியா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதினாள்:

"நாய் வண்டிக்குப் போன் பண்ணின ஆளே! நீ யாரென்று எனக்குத் தெரியும். நீ ஒரு கொலைகாரன். உன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும்போதெல்லாம் அது துருவாக வரட்டும். இப்படிக்கு, ஒலிம்பியா, மூன்றாம் மாடி."

யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எழுதி முடித்தபோது தெரிந்துவிட்டது. வேறு யார், இரண்டாம் மாடி பொம்பிலியுதான். கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாய் குரைத்தால் "ஏய், வாயை மூடு!" என்று படிக்கட்டே அதிரக் கத்துபவர். அவள் மறுபடியும் கீழே இறங்கிப் போய், "நீ யாரென்று" என்பதற்கு மேலே "இரண்டாம் மாடி" என்று சேர்த்துவிட்டு வந்தாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

நகராட்சி நாய்க் காப்பகம் கழிவுநீர் நிலையத்துக்கும் அந்தப் பக்கம், எட்டாம் எண் டிராமின் கடைசி நிறுத்தத்திலிருந்து கால்மணி நேர நடை. செவ்வாயும் வியாழனும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை பொதுமக்களைப் பார்ப்பார்கள். மற்ற நேரத்தில் நாய்களைக்கூடப் பார்ப்பதாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை விடுப்புக் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை தன்னோடு வேலை செய்பவளிடம் கெஞ்சி நேரத்தை மாற்றிக்கொண்டு போனாள்.

மேசைக்குப் பின்னால் பெத்ரொனெலா என்ற அலுவலர் காலடியில் சூடேற்றியோடு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொண்ணாவது கூண்டு. போய்ப் பாருங்க. கையை உள்ள விடாதீங்க."

கையை உள்ளே விட்டாள். புஜோரின் காதில் மஞ்சள் நிறத்தில் எண் அட்டை ஒன்றை அடித்திருந்தார்கள். அந்தக் காதை அது தொங்கவிட்டிருந்தது. ஏழு வருடத்தில் ஒலிம்பியாவைப் பார்த்து வாலாட்டாத முதல் நாள் அது. அவள் கையை முகர்ந்தது, பெருமூச்சு விட்டது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. திங்கட்கிழமை சொன்ன வார்த்தைகள் இன்னும் அதற்கு நினைவிருக்கிறதோ என்று அவளுக்குப் பட்டது.

"இப்பவே கூட்டிட்டுப் போறேன்," என்றாள் மேசைக்குத் திரும்பி வந்து.

"இந்தப் படிவம். அடுக்குமாடியில இருக்கீங்களா? அப்ப மூணு கையெழுத்து வேணும். மேல் வீடு, கீழ் வீடு, படிக்கட்டுப் பொறுப்பாளர். ஆட்சேபணை இல்லைன்னு."

"ஏம்மா, அது ஏழு வருஷமா அங்கதான் இருக்கு! அப்ப யாரு ஆட்சேபிச்சது?"

"அப்ப அது தெருநாய். தெருநாய்க்கு யார் சம்மதமும் வேண்டாம். வீட்டு நாய்க்குத்தான் வேணும்."

"எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"

"பதினாலு நாள். திங்கட்கிழமை வந்துச்சா, அப்ப வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு. யாரும் எடுக்கலைன்னா ஊசி." பெத்ரொனெலா ஒரு விதையைக் கடித்தாள். "ஆனா அடுத்த வியாழனுக்குள்ள வந்துடுங்க. ஞாயித்துக்கிழமை நாங்க வேலை செய்யறதில்ல."

"ஊசி போடுறவர்?"

"அவர் வேலை செய்வார்."

மேல் வீட்டுக்காரன் ரெமுஸ் பல் மருத்துவம் படிக்கும் பையன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே படிவத்தை வாங்கிப் படித்தான்.

"போடறேன் மேடம். ஆனா நான் பாட்டுக் கேக்கும்போது துடைப்பக் குச்சியால மேல இடிக்கறதை நிறுத்தணும்."

"அது பாட்டா?"

படிவம் திரும்பி வர ஆரம்பித்தது.

"நிறுத்தறேன்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் அவள் பற்களை அக்கறையோடு பார்த்தபடி கையெழுத்துப் போட்டான்.

அக்லாயா சமையலறையில் மிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலத்தில் அந்த ஊரே சுட்ட குடைமிளகாய் வாசனை அடிக்கும். குளிர்காலத்துக்கு நாற்பது ஜாடி போடாதவளை அக்லாயா மனுஷியாகவே மதிப்பதில்லை. கையைத் துடைக்காமலே பேனாவை வாங்கினாள். படிவத்தில் எண்ணெய் விரல் ஒன்று பதிந்தது.

"இந்த ஒரு நாய்க்கு எத்தனை தடவைதான் கையெழுத்துப் போடறது? கை வலிக்குது," என்றாள்.

ஒலிம்பியாவின் காதில் அது விழுந்தது, உள்ளே போகவில்லை. அவள் மனம் அதற்குள் இரண்டாம் மாடிக்கு ஏறிப்போய்ச் சண்டையை ஆரம்பித்திருந்தது.

பொம்பிலியு கதவை முழுசாகத் திறந்தார். கம்பளி உள்சட்டை, முழங்காலில் சுற்றிய துணி, கையில் தட்டோடு.

"கொலைகாரன் சாப்பிட்டுக்கிட்டிருக்கான்," என்றார். "என்ன வேணும்?"

"கையெழுத்து."

"குழாயில துரு வரணும்னு எழுதினீங்க. அது பதினாலு வருஷமா வந்துக்கிட்டுதான் இருக்கு. உங்க வீட்லயும் அதே குழாய்தான்."

"பொம்பிலியு சார், நாயைப் பிடிச்சுக் குடுத்தது போதும். இப்ப அதை வெளிய எடுக்கறதுக்கும் குறுக்க நிக்காதீங்க."

அவர் தட்டைக் கதவோரத்து அலமாரியில் வைத்தார். கடித்த ரொட்டியை அதன்மேல் வைத்தார். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தார்.

"ஜனவரி பதினாறு," என்றார். "பனி முழங்கால் வரைக்கும். சந்தை டிராம் நிறுத்தம். நான் இந்தக் காலை இழுத்துக்கிட்டு ஓடி வர்றேன். ஓடி வர்றேன்னு சொல்றது என் பெருமைக்கு. கண்ணாடியில என்னைப் பார்த்தீங்க. நான் உங்களைப் பார்த்தேன். நீங்க கதவை மூடினீங்க."

"நேர அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு சார்!"

"நாய்க்கும் இருக்கு. பதினாலு நாள்," என்றார் பொம்பிலியு, கதவை மூடிக்கொண்டே. மூடும்போது கதவில் ஆள் பார்க்கும் ஓட்டை வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே மூடினார் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரிந்தது.

அடுத்த நான்கு நாட்களில் பலகை நிரம்பி வழிந்தது. ஒலிம்பியா மூன்று காகிதம் ஒட்டினாள். மூன்றாவதில் பொம்பிலியுவின் பெயரையே முழுசாக எழுதிவிட்டாள். அதன் கீழே யாரோ "டிராமில் கதவை மூடுகிறவளுக்கு நாய்மேல் மட்டும் பாசமா?" என்று எழுதினார்கள். அதன் கீழே வேறு கையெழுத்தில் "எனக்கும் மூடியிருக்கிறாள்." அதன் கீழே "எனக்கு இரண்டு முறை." கடைசியில், யாருக்கும் சம்பந்தமில்லாமல், "மிதிவண்டியை நடையில் நிறுத்தாதீர்கள்." தான் இத்தனை பேரை வாழ்க்கையில் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறோமா என்று ஒலிம்பியாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் ஒரு நிமிடம் இருந்தது. பிறகு மறுபடியும் கோபம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை இரண்டு கையெழுத்தோடும் ஒரு திட்டத்தோடும் காப்பகத்துக்குப் போனாள். திட்டம் எளிமையானது. புகார் கொடுத்தவனே ஆட்சேபிக்கிறான் என்றால் அந்த ஆட்சேபணை செல்லாது. இதைச் சுவர் இடிகிற மாதிரிச் சொன்னால் பெத்ரொனெலா ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

"ஃபைலை எடுங்கம்மா! புகார் குடுத்தது யாருன்னு வாசிங்க! இந்த ஆள் பேருதான் இருக்கும். இருந்தா இவன் கையெழுத்து எனக்கு வேண்டாம்!"

"அது ரகசியம் மேடம்."

"ரகசியமா? காதுல ஓட்டை போட்டு நம்பர் தொங்கவிட்டிருக்கீங்க, அதுக்கு ஏதும் ரகசியம் இருக்கா? ஃபைலை எடுக்காம நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன். டிராம் டிரைவர் நான். பன்னெண்டு மணி நேரம் எழுந்திருக்காம உக்காருவேன். எனக்குப் பழக்கம்!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். பெத்ரொனெலா விதைகளை ஓரமாக ஒதுக்கினாள், கோப்பைத் திறந்தாள், விரலை வரிகளின்மேல் ஓட்டினாள். விரல் நின்றது. அவள் நிமிர்ந்து ஒலிம்பியாவைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் காகிதத்தைப் பார்த்தாள்.

"உங்க முழுப்பேரு என்ன சொன்னீங்க?"

"ஒலிம்பியா டிராகுஷின்."

"திங்கள், காலை அஞ்சு பன்னெண்டு," என்று பெத்ரொனெலா வாசித்தாள். "டிராம் கன்ட்ரோலிலிருந்து வந்த தகவல். எட்டாம் எண் தடத்துல, முதல் நிறுத்தத்துல, போக்குவரத்துக்கு இடைஞ்சலா நாய். நாலு நிமிஷ தாமதம். தகவல் குடுத்தவர், ஓட்டுநர் ஒலிம்பியா டிராகுஷின்."

ஒலிம்பியா கோப்பைத் தன் பக்கம் திருப்பித் தானே ஒருமுறை படித்தாள்.

மூன்று நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கன்ட்ரோலுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. ஊரிலுள்ள எல்லா டிராம் ஓட்டுநர்களும் எப்போதும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். "தடத்துல கார் நிறுத்தியிருக்கான்." சிகரெட் பிடித்தாலும் கார். காபி வாங்கினாலும் கார். கழிப்பறைக்குப் போனாலும் கார். பத்தொன்பது வருடத்தில் ஒலிம்பியா நகரத்தின் தண்டவாளங்களில் நிறுத்திய கார்களை வரிசையாக வைத்தால் தன்யூப் நதி வரைக்கும் போகும். அந்தத் திங்கட்கிழமைதான் நாய்மேல் இருந்த கோபத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, உண்மையைச் சொல்லியிருந்தாள்.

"நான் புகார் குடுக்கல," என்றாள். குரல் எங்கோ இறங்கிப்போயிருந்தது. "நான் காரணம்தான் சொன்னேன்."

"இங்க வந்தா அது புகார்தான் மேடம்." பெத்ரொனெலாவின் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதனால் அடுத்துச் சொன்னது இன்னும் மோசமாகக் கேட்டது. "இன்னொண்ணு. புகார் குடுத்தவங்க அதே நாயைத் தத்தெடுக்க முடியாது. விதி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஏதாவது பண்ணிடுவாங்கன்னு."

"நானா? அதை?"

"பேரு இருக்கே."

"என்னய்யா விதி இது! என் டிராமுக்கு முன்னால உக்காந்தது அது, கூண்டுல இருக்கறது அது, அதை வெளிய எடுக்க வந்தவ நான், கெட்டவளும் நானா?"

அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். விதைகள் துள்ளின. முப்பத்தொன்றாவது கூண்டிலிருந்து, அவள் குரலைக் கேட்டோ என்னவோ, ஒரு குரைப்பு வந்தது. அதற்குப் பிறகு அவளால் எதையும் அடிக்க முடியவில்லை.

இரண்டாம் மாடிக் கதவை அவள் தட்டவில்லை. தட்டத்தான் கையைத் தூக்கினாள். அதற்குள் கதவு திறந்தது. ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"யார்னு தெரிஞ்சுதா?" என்றார் பொம்பிலியு.

"நான்தான்."

சிரிப்பார் என்று காத்திருந்தாள். சிரித்திருந்தால் திரும்ப நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அவர் சிரிக்கவில்லை. அது அநியாயமாக இருந்தது.

"உள்ள வாங்க. நடையில நின்னா அக்லாயாவுக்குக் கழுத்து வலிக்கும்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கன்ட்ரோல், நான்கு நிமிடம், விதி, ஞாயிற்றுக்கிழமை. கடைசியில், "நீங்க எடுங்க," என்றாள். "உங்க பேர்ல. வேற வழியில்ல. மத்த யாரும் என் மூஞ்சிக்கு எடுக்க மாட்டாங்க."

பொம்பிலியு மேசை இழுப்பறையைத் திறந்தார். அதே படிவம். சுத்தமாக, பட்டறைக்காரன் எழுத்தில், முழுசாக நிரப்பியிருந்தது. கீழ் வீட்டுக் கையெழுத்து இருந்தது. அக்லாயாவின் கையெழுத்து இருந்தது, எண்ணெய் விரலோடு. நாயின் பெயர் என்ற இடத்தில் "மந்திரி" என்று இருந்தது. மேல் வீடு என்ற கட்டம் மட்டும் காலி.

"போன செவ்வாய்க்கிழமையே போய் வாங்கிட்டேன்," என்றார். "எனக்கென்ன, நாள் பூரா சும்மாதானே."

"மந்திரியா?"

"நாள் பூரா தூங்கும். சாப்பாடு வந்தா மட்டும் தலையைத் தூக்கும். வேற என்ன பேரு வைக்கறது?"

"அப்ப ஏன் என்கிட்ட வரல?"

"மேல் வீடு நீங்க. பலகையில என்னைக் கொலைகாரன்னு எழுதி, பேரையும் போட்டாச்சு. கொலைகாரன் வந்து கையெழுத்துக் கேட்டா போட்டிருப்பீங்களா?"

"கதவை மூடியிருப்பேன்."

"தெரியும்."

"எனக்காவது போட்டுக் குடுத்திருக்கலாமே! நாய் செத்தா பரவாயில்லையா உங்களுக்கு?"

"நாளைக்குப் போட்டுக் குடுக்கலாம்னுதான் இருந்தேன். அதுவரைக்கும் நீங்க கொஞ்சம் வேகட்டும்னு." அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "அதுவுமில்லாம, நீங்க டிராம்ல போயிட்டா அது ஒன்பது மணி நேரம் பூட்டின வீட்ல கிடக்கும். இங்க நான் இருக்கேன். நான் எங்கயும் போறதில்ல. போனாலும் டிராம் நிக்கறதில்ல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்ள இவ்வளவு வலித்திருக்காது. அவள் பேனாவை எடுத்தாள். "மேற்படி நாய் கீழ் வீட்டில் வசிப்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை." ஆயிரம் ஆட்சேபணை இருந்தது. காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"பலகை?" என்றார் பொம்பிலியு.

"கிழிச்சுடறேன்."

"கிழிச்சா போதாது. நீங்க எழுதினதைப் பதினாறு வீடும் படிச்சிருக்கு."

அன்று மாலை பலகையில் புதிய காகிதம் ஒன்று தொங்கியது. "நாய் வண்டி வந்தது என்னால். பொம்பிலியு கொலைகாரர் அல்ல. மற்றபடி அவரைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றமில்லை. ஒலிம்பியா, மூன்றாம் மாடி." மறுநாள் காலையில் அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். "சரி. மிதிவண்டி இன்னும் நடையில்தான் இருக்கிறது."

வியாழக்கிழமை நேரத்தை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. எப்படியும் அவள் கூடப் போவதாக இல்லை. புகார் கொடுத்தவள் கூட நின்றால் பெத்ரொனெலாவுக்கு இன்னொரு விதி ஞாபகம் வந்தாலும் வரும். ஒன்பதரைக்குப் பொம்பிலியு அவள் டிராமிலேயே, ஓட்டுநர் கண்ணாடிக்கு நேர்ப் பின்னால் உட்கார்ந்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கிப்போனார். கையில் புதுக் கழுத்துப்பட்டை.

அவள் ஊருக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசி நிறுத்தத்துக்கு வந்தாள். அவர் இல்லை. இன்னொரு சுற்று. பன்னிரண்டு பத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி. நிறுத்தத்தில் பொம்பிலியு இல்லை. கழிவுநீர் நிலையத்தின் வேலியோரத்துப் பாதை காலியாக இருந்தது. காப்பகம் பன்னிரண்டோடு மூடியிருக்கும்.

பன்னிரண்டு பதினொன்று. பன்னிரண்டு பன்னிரண்டு.

"கிளம்புங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்றார் ஒருவர் பின்னாலிருந்து.

"ஆஸ்பத்திரி எங்கயும் ஓடாது."

கண்ணாடியில், வேலியின் கோடியில், ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி நொண்டியது. அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி, ஒவ்வொரு கம்பத்திலும் நின்று நின்று வந்தது. இரண்டில் யார் யாரைத் தாமதப்படுத்துகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

ரேடியோ கரகரத்தது. "எட்டு, எட்டு. ஏன் கிளம்பல?"

"தடத்துல கார் நிறுத்தியிருக்கான்," என்றாள் ஒலிம்பியா.

வண்டியிலிருந்த அத்தனை பேரும் எழுந்து முன்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். தண்டவாளம் அடிவானம் வரைக்கும் காலியாகப் பளபளத்தது.

"என்ன கார்?" என்றது கன்ட்ரோல்.

"பெரிய கார். ஆள் வர்றான். நொண்டிக்கிட்டு வர்றான். அஞ்சு நிமிஷம் ஆகும். நான் என்ன பண்ண, தள்ளவா முடியும்?"

ஏழு நிமிடம் ஆயிற்று. முதலில் நாய் ஏறியது. காதில் மஞ்சள் அட்டை, கழுத்தில் புதுப் பட்டை. நேராக ஓட்டுநர் அறைக் கதவுக்கு வந்து, மூக்கை வைத்துப் பெருமூச்சு விட்டது. வால் ஒரு தடவை ஆடியது. பின்னால் பொம்பிலியு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறினார். நாய் வழியில் இருந்த எல்லாக் கம்பங்களிலும் நின்றதற்காகவோ, ஜனவரி பதினாறுக்காகவோ, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் ஒலிம்பியா. கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள போய் டிக்கெட் எடுங்க. அதுக்கும் ஒண்ணு. மந்திரிக்கெல்லாம் என் வண்டியில சலுகை கிடையாது."

கதவை மூடினாள்.